கோட்டையில் இரண்டு சம்பந்திகள்

மகள் விடாப்பிடியாகக் கூப்பிட்டதால்தான் தையல்காரம்மா படகில் ஏறினாள். எதிர்ப்பலகையில் மருமகனின் தாய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கல்யாண மண்டபத்து வாசலில் கைகூப்பி நின்ற தன்னைப் பார்த்தும் பாராதவள் போல அந்த அம்மாள் கடந்துபோனது, இரண்டு வருடமாகியும் தையல்காரம்மாவின் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியாகிவிட்டது.

கடல் நடுவே பாறைமேல் நின்றது பழைய கோட்டை. இறங்கியதும் மகளும் மருமகனும் படமெடுக்க மதில்மேல் ஏறிவிட்டார்கள். சம்பந்திகள் இருவரும் கீழே, உப்புத் தண்ணீருக்கு நடுவிலும் இனிக்கும் என்று பெயர்பெற்ற கிணற்றருகே மாட்டிக்கொண்டார்கள். அங்கே ஒரு பலகை.

"படிச்சவங்க நீங்க. என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்களேன், சம்பந்தி." குரலில் லேசாகக் குத்தல்.

"என்ன போடுவான்? யாரோ ராஜா கட்டினான்னுதான்" என்றபடியே கிணற்றின் படியில் கால் வைக்கப்போனாள் தலைமையாசிரியை.

'படி வழுக்கும், இறங்காதீர்' என்று பலகையில் முழநீளச் சிவப்பெழுத்தில் இருந்தது. தையல்காரம்மா பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

தலைமையாசிரியை மதில் பக்கம் திரும்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஓரத்துல தெரியுது. நடுவுல புகை மாதிரி. எதிர்ல நிக்கிறவங்க முகமே தெரியாது. மூணு வருஷமாச்சு. பையன்கிட்ட சொல்லிடாதீங்க."

மூன்று வருடம். தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப, கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நான்..."

"வாசல்லயா நின்னீங்க? உங்களைக் காணோமேன்னு தேடினேன். கோபமோன்னு நினைச்சேன்."

வெட்கம் தையல்காரம்மாவைப் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சம்பந்தியின் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க, இன்னிக்கே. டாக்டர்கிட்ட நான் கூட வரேன்."

திரும்பும் படகில் தலைமையாசிரியை மகனிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. "இத்தனை நாளா ஏம்மா மறைச்சே?"

"என்னை வீட்டோட உட்கார வெச்சிருப்பே. கோட்டையை யாரு பார்க்கிறது?"

தையல்காரம்மா எழுந்து போய் அவள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் சிறுத்துக்கொண்டே போன கோட்டையில் எத்தனை கொத்தளம், எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று கரை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.