பஷ்தூ பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்

1

கீழ்வீட்டில் ஏதோ சுவரில் மோதி உடைந்தது. அடுத்த நொடி சம்ரீனின் குரல்: "உடைங்க அத்தா! லேப்டாப் ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் உடைங்க!"

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இவ்வளவுதான். உறையூரில் நான் குடியிருப்பது மாடியில்; கீழே நசுருதீன் குடும்பம். சம்ரீன் அவர் மகள்; அப்பாவை அத்தா என்பாள். வாரப் பத்திரிகைக்குக் கதை தரவேண்டிய கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்பது அசிங்கம் என்று தெரியும். கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சம்ரீனே படியேறி வந்தாள். இருபத்தாறு வயது. கையில் லேப்டாப், முகம் செக்கச்செவேல்.

"யமுனாக்கா, உங்க வைஃபை கொடுங்க. ஒரு பொய்க்காரர்கூட ஒரே ரூம்ல உக்காந்து என்னால வேலை பார்க்க முடியாது."

வைஃபை கொடுத்தேன். காப்பியும் கொடுத்தேன். பதிலுக்கு அவளுடைய கதையை எடுத்துக்கொண்டேன்.

2

தொடங்குவதற்குள் பத்திரிகை ஆசிரியர் போனில் வந்துவிட்டார். போலிஷ் மொழியையும் பஷ்தூ மொழியையும் ஒப்பிட்டு எழுதுகிற ஒரு பெண்ணைப் பற்றிய கதை என்றேன்.

"யாரும்மா படிப்பா? போலந்துப் பொண்ணு ஒண்ண ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு வாங்க. ஒரு ஆப்கான் பையனை துவாக்குடியில எஞ்சினியரிங் சேர்த்துவிடுங்க. ரெண்டு பேரையும் முக்கொம்புல சந்திக்க வைங்க. முடிஞ்சுது."

எரிச்சலோடு அதையும் எழுதிப் பார்த்தேன்:

ராஜகோபுரத்தின் நிழலில் நின்ற அந்த நீலக்கண்ணாளுக்குத் தமிழ் தெரியாது. எதிரே நின்ற முரட்டு இளைஞனுக்கோ—

[அடித்தாயிற்று. பஷ்தூ பேசுகிறவன் முரடனாக இருப்பான் என்று என் பேனாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லவில்லை. தானாக எழுதுகிறது. கோபம் அதனால்தான்.]

இன்னொரு தொடக்கம்:

போலிஷும் பஷ்தூவும் ஒரே பெரிய மொழிக்குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். ஒன்றுக்கு லத்தீன் எழுத்து, மற்றதற்கு அரபு வழி வந்த எழுத்து. ஒன்று—

[இது பாடப்புத்தகம். ஆனால் சம்ரீன் தினமும் எழுதுவது இதைத்தான். ஆகவே அவளிடமே போகிறேன்.]

3

துவாக்குடியில் ஒரு சின்ன நிறுவனம். அது நடத்தும் இணையதளம், உலகத்து மொழிகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கோதாவில் இறக்கிவிடும். நேற்று உருது, கொரியன். இன்று போலிஷ், பஷ்தூ. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எத்தனை எழுத்து, எங்கே பேசுகிறார்கள், எது கடினம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம்: 'வென்ற மொழி'. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பக்கம் ஏறாது.

ஒரு மொழி இன்னொன்றை எதில் வெல்லும் என்று சம்ரீன் கேட்டாள். மேலாளர் பீமராவ் சொன்ன பதில்: "படிக்கிறவன் கிளிக் பண்ணணும்மா. 'டிரா'ன்னு போட்டா எவன் பண்ணுவான்?"

அவளுக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இரண்டு முறை அதைக் காலியாக விட்டு அனுப்பி, இரண்டு முறையும் பக்கம் திரும்பி வந்தது. இதோடு மூன்றாவது. "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எல்லாக் கட்டமும் நிரம்பி வரலைன்னா திங்கட்கிழமை நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் பீமராவ். போதாக்குறைக்குப் புதுச் சட்டம் ஒன்று: ஒவ்வொரு மொழியிலும் எட்டு வாசகங்களை, அந்த மொழி தெரிந்தவர் வாயால் பேசிப் பதிவு செய்து, எட்டுக் கட்டங்களில் ஏற்ற வேண்டும்.

போலிஷ் சுலபமாக முடிந்தது. கூடப் படித்த பெலிண்டா போலந்தில் ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போகப்போகிறாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டு மாடி ஒன்றில் போலிஷ் வகுப்பு. அங்கே வாத்தியாரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு, எட்டையும் பேசி அனுப்பிவிட்டாள்.

"மன்னிப்புக்கு ப்ஷெப்ராஷாம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிராளிக்குக் கோபமே போயிடும்டி. உதவிக்கு 'பொமோத்ஸி'. பால்கனியில நின்னு கத்தினேன் பாரு, கீழ பூக்கடைக்காரர் எழுந்து ஓடி வந்துட்டாரு!"

பஷ்தூவுக்கு சம்ரீன் கவலைப்படவே இல்லை. வீட்டிலேயே ஆள் இருந்தார்; அதற்காகவே இன்று ஆபீஸ் போகாமல் வீட்டிலிருந்து வேலை.

அத்தா பதினேழு வருஷம் அரபு நாட்டில் கட்டட வேலை பார்த்தவர். அதில் பதினொரு வருஷம் நஸ்ருல்லா என்கிற பஷ்தூன் மேஸ்திரியோடு ஒரே அறை. லீவில் வந்தாலும் அவனோடு போனில் பேசாமல் இருக்க மாட்டார். எடுத்ததும் "ஸ்தடே மஷே" என்பார். 'சோர்ந்துபோகாதே' என்று அர்த்தமாம். பஷ்தூன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் அப்படித்தான் விசாரிப்பார்களாம். அப்புறம் அரை மணி நேரம் வெடிச்சிரிப்பு. எட்டு வயது சம்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாமலே கூடச் சிரித்திருக்கிறாள்.

அந்த அத்தா இன்று காலை, பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "எனக்குப் பஷ்தூ தெரியாது."

"அத்தா, விளையாடுற நேரமா இது?"

"தெரியாதுன்னா தெரியாது. வேற ஆளைப் பாரு."

"உறையூர்ல வேற எந்த ஆளை நான் பார்க்குறது? நாச்சியார் கோயில் வாசல்ல போய் நிக்கட்டுமா, பஷ்தூ தெரிஞ்சவங்க வாங்கன்னு?"

"அது உன் பாடு."

"என் வேலை போயிடும் அத்தா."

அவர் பேப்பரைப் புரட்டினார்.

சம்ரீன் இணையத்தில் தேடி, இயந்திரக் குரல் ஒன்றைப் பிடித்தாள். அதை அத்தாவின் போனில் சத்தமாக ஓடவிட்டாள். வணக்கம், நன்றி, மன்னிப்பு எல்லாம் ஓடின. அத்தா அசையவில்லை. எட்டாவது, ஆபத்தில் உதவி கேட்பது. "மரஸ்தா" என்றது இயந்திரம், தலைப்புச் செய்தி வாசிப்பதுபோல.

பேப்பர் கீழே இறங்கியது.

"எலும்பு நொறுங்கிக் கிடக்கிறவன் இப்படியா சொல்லுவான்?"

"பின்ன எப்படிச் சொல்லுவான்?" சம்ரீன் பிடித்துக்கொண்டாள். "தெரியாதுன்னீங்களே! சொல்லுங்க அத்தா, எப்படிச் சொல்லுவான்?"

போன் பறந்தது அப்போதுதான்.

4

நசுருதீன் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மகளின் பிழைப்பு போகிறது. எட்டு வாசகம் பேசினால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்? முதல் வரைவில் அவரை வீம்புக்காரர் ஆக்கினேன். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த சம்ரீன் பொரிந்தாள்.

"எங்கத்தா கோபக்காரர்னு எழுதுங்க, ஒத்துக்குறேன். காரணமில்லாமக் கோபப்படுறவர்னு எழுதினீங்க, நானே கிழிச்சிடுவேன்."

"அப்ப நஸ்ருல்லா இப்ப எங்கே?" என்று கேட்டேன்.

"மௌத்தாயிட்டாரு. சாரம் சரிஞ்சு நாலாவது மாடியிலேருந்து விழுந்துட்டாரு. சேஃப்டி பெல்ட்டை அவரே கழட்டிட்டாருன்னு கம்பெனி எழுதிக் கொடுத்துச்சாம். அவர் வீட்டுக்கு எதுவும் போகலை. அத்தா அந்த மாசமே ஊருக்கு வந்துட்டாரு. அதுக்கப்புறம் அந்த பாஷையில பேசி நான் கேட்டதில்லை."

எனக்கு உள்ளூர மணி அடித்தது. கதை கிடைத்துவிட்டது! [இந்த இடத்தில் ஒரு மனிதன் செத்திருக்கிறான். எனக்கு வந்தது சந்தோஷம். இதையும் அடிக்காமல் விடுகிறேன்.]

மளமளவென்று இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: பஷ்தூ என்பது நசுருதீனுக்கு நண்பனின் கபர். அதைத் தோண்ட மனம் வராமல்தான் இத்தனை வருஷ மௌனம். மகள் கையைப் பிடித்துக் கெஞ்ச, கண் கலங்கி எட்டு வாசகமும் பேசுகிறார்.

முடிவு ஆ: மகள் அப்பாவின் துக்கத்தைப் புரிந்துகொள்கிறாள். 'வென்ற மொழி' கட்டத்தில் 'நட்பு' என்று எழுதிவிட்டு, பீமராவின் முகத்தில் வேலையை விட்டெறிகிறாள்.

இரண்டாவதைப் பார்த்து சம்ரீன் பல்லைக் கடித்தாள். "நான் ஏன்கா விட்டெறியணும்? ஏழு மாசமா துவாக்குடி பஸ்ல நின்னுக்கிட்டே போய்ச் சம்பாதிச்ச வேலை." முதலாவதைப் படித்தபோது மட்டும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதைக் காட்டுறேன். அவர் மனசு எங்களுக்குப் புரியுதுன்னு தெரிஞ்சா பேசுவாரு."

தடுத்திருக்க வேண்டும். எனக்கும் முடிவு தேவையாக இருந்தது.

5

நாலே முக்காலுக்குப் படியில் காலடி அதிர்ந்தது. முன்னால் நசுருதீன், பின்னால் சம்ரீன். என் தாள் அவர் கையில் கசங்கியிருந்தது. அதை மேஜையில் அறைந்தார்.

"யாரைக் கேட்டு என்னை நல்லவனா எழுதுனீங்க?"

வீம்புக்காரர் என்று எழுதியதற்குச் சண்டைக்கு வருவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன்.

"அத்தா, அவங்க உங்களை மரியாதையாத்தானே—"

"இந்த மரியாதைதான்மா எனக்கு வேண்டாம்! கூட்டாளியை நினைச்சு அழுதானாம். கபராம்! ஏங்க யமுனாம்மா, எழுதுறவங்க நீங்க. ஒருத்தன் ஏன் ஒரு பாஷையைத் தெரியாதுன்னு சொல்லுவான்னு உங்களுக்கு வேற காரணமே தோணலையா?"

தோன்றவில்லை. துக்கம் சுலபமாக வரும் எனக்கு. வாரா வாரம் எழுதிப் பழகிய கை.

சம்ரீன் சும்மா இருக்கவில்லை. அவளும் குரலை உயர்த்தினாள்: "அப்ப என்ன காரணம்னு நீங்களே சொல்லித் தொலைங்களேன்! பத்து வருஷமா எங்க தலையிலதானே கத்திக்கிட்டு இருக்கீங்க!"

ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் ஏறியதா, திங்கட்கிழமை சம்ரீன் துவாக்குடி பஸ்ஸில் நின்றாளா, பஷ்தூ பக்கத்து எட்டாவது கட்டத்தில் யார் குரல் பதிவானது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இதற்குமேல் என் கை பட்டால் மறுபடியும் யாரையாவது நல்லவராக்கிவிடும். எது சரி என்று படுகிறதோ, அதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். அவர் மகளைப் பார்த்துச் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. "எழுதுறதுன்னா இதை எழுதுங்க" என்று என் பக்கம் விரலை நீட்டிவிட்டுத்தான் சொன்னார்:

"சாரத்துப் பலகையைக் கட்டலைன்னு ஃபோர்மேன்கிட்ட முந்தின நாளே சொன்னேன்னு, விழுந்து கிடந்த நஸ்ருல்லா என் கையைப் புடிச்சுக்கிட்டுத் தெளிவாத்தான்மா சொன்னான், என்ன சொல்றான்னு போலீஸ் கேட்டப்ப, பக்கத்துல நின்ன ஃபோர்மேனைப் பார்த்துட்டு, எனக்கு இவன் பாஷை தெரியாதுன்னுட்டேன்."