என்ன நோவு என்று கேட்டால்

"ஏட்டி, வலிக்காத எடத்துல நோவு எப்படி இருக்கும்?"

நூர்னிசா சாச்சி என்னிடம் கேட்டாள். என் வாப்பாவின் தம்பி மனைவி அவள். ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் படுகிறது என்று, பெண்களுக்கான மருத்துவ முகாமுக்குப் போயிருந்தாள். அங்கே கருப்பை வாயில் சுரண்டிச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். அதன் முடிவை நர்ஸ் கிருபாபாய் கொண்டுவந்திருந்தார்.

"கேன்சர்னு போடலம்மா. அணுக்கள் மாறியிருக்குன்னுதான் போட்டிருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில லேசா சதை எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும். ஆரம்பமா இருந்தா சொகமாக்கிரலாம். தள்ளிப் போடாதீய."

சனிக்கிழமை போகலாம் என்றிருந்தோம். வியாழக்கிழமை அவள் புருஷன், என் சாச்சா, கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து மவுத்தானார். சாச்சி இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டுவதில்லை.

கிருபாபாய் மறுபடி வந்தார். "ஆஸ்பத்திரிக்குன்னா போகலாம்னு சொல்றாவளே. ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் பெண்கள் போவதில்லை; வாப்பாதான் போய்க் கேட்க வேண்டும்.

"என்ன நோவுன்னு அவிய கேப்பாவளே," என்றாள் சாச்சி. வாப்பாவை அவள் மச்சான் என்பாள். "மச்சான் வாயால அதச் சொல்ல வைக்கிறதுக்கு நான் மவுத்தாகிரலாம்."

"பல்வலின்னு சொல்லிருவோம்," என்றாள் உம்மா.

"பல்லப் பிடுங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கா? முக்குல இருக்க பல் டாக்டருக்குக் கையில்லையா?"

சாச்சா போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்போடு ஹஜ்ரத்திடம் கேட்கும் பேச்சும் நின்றுபோனது. ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்பது மட்டும் வாப்பாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவரும் விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் இருந்த நான்தான் அவள் துணிகளைத் துவைத்தேன். மூன்றாம் மாதத்தில் அவற்றில் ஒரு வாடை வந்தது.

இத்தா முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சதை எடுத்துப் பார்த்து, மறுவாரம் டாக்டரம்மா கேன்சர் என்றார். பக்கத்திலும் பரவியிருந்தது. மதுரைக்குப் போய்க் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைக்க வேண்டும்.

"அந்த முகாம் சீட்டு வந்தப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது," என்றார். தள்ளிப்போட்டதால்தான் என்று சொல்லவில்லையே என்று சாச்சி அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கொய்யாப்பழம் வாங்கித் தந்தாள்.

மதுரைக்குப் புறப்படுமுன் சாச்சிக்காக இறைவனிடம் துஆ செய்யச் சொல்லி வாப்பா ஹஜ்ரத்திடம் போனார். திரும்பி வந்து நடையில் நின்றார்.

"நோவுக்கு மருந்து பாக்க இத்தாவுலயும் போயிருக்கலாமாம். அப்பவே வந்து கேட்டா என்னன்னு வருத்தப்பட்டாவ."

கதவோரம் நின்ற சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்ன நோவுன்னு கேட்டாவளா, மச்சான்?"

வாப்பா அவளைப் பார்க்காமல், இல்லை என்று தலையசைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.