அருந்ததி நிறுத்தி வைத்த பதிவு

1
இந்தக் கதை ஒரு வெற்றுக் கோப்பிலிருந்து பிறந்தது. ஆண்டு 2007. ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றம். அதன் வாயிலுக்கு மென்பொருள் எழுதியவள் வெள்ளவத்தை அருந்ததி. லொறி உள்ளே வந்ததும் சாரதியின் பெயரையும் நேரத்தையும் அது பதிவுக் கோப்பில் எழுதவேண்டும். கோப்பில் ஒரு வரியும் இல்லை.

"கொழும்பில் அன்று மழை" என்று தொடங்கி... வேண்டாம். மழைக்கு இங்கே வேலை இல்லை.

2
கொட்டாஞ்சேனையிலிருந்து முற்ற அலுவலகத்துக்குக் கொன்ஸ்ரன்ஸ் வந்திருக்கிறாள். அவள் கணவன், சாரதி ஸ்ரனிஸ்லாஸ், பொலிஸ் காவலில். செவ்வாய் காலை பத்து மணிக்கு எங்கே நின்றான் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள்.

"அவர் இங்கதான் நிண்டவர், மிஸ். உங்கட கம்பியூட்டர்ல விழுந்திருக்குமே?"

"பாக்கிறன் அக்கா, இருங்கோ."

"மூண்டு நாளா எல்லாரும் இருங்க இருங்க எண்டுதான் சொல்றாங்க. கதிரைதான் தேயுது."

(இந்த இடத்தில் அருந்ததியைச் சந்தேகித்தேன். கோப்பு ஏன் வெறுமை என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் அவளுடைய மாடிக் குடியிருப்புக்குச் சோதனைக்கு வந்த பொலிஸார் குடியிருப்போர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்தே கதவு தட்டினார்கள். மறுநாள் அவள், வாயில் மென்பொருள் எதைப் பதியவேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பைத் திறந்து, பிழைகளை மட்டும் எழுதினால் போதும், பெயர்கள் வேண்டாம் என்று மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை.)

3
ஆனால் கெட்டிக்காரி. எந்த அமைப்புக் கோப்பை வாசிக்கிறாய் என்று பதிவெழுதும் நிரல் தொகுப்பான லைப்ரரியையே சொல்லவைத்தாள். அவள் மாற்றியதை அது தொடவேயில்லை. வேறு வேலைக்குச் சேர்த்த ஒரு மென்பொருள் பொதிக்குள் கிடந்த, அதே அமைப்புக் கோப்பின் பழைய பிரதி முந்திக்கொண்டிருந்தது. ஒரு நாளும் விடாமல், எல்லாப் பெயர்களையும் வேறொரு கோப்புறையில் எழுதிவைத்திருந்தது.

செவ்வாய், 9.52. ஸ்ரனிஸ்லாஸ். வெளியேறியது 10.40.

அருந்ததி சிரித்தேவிட்டாள். பிறகு மற்ற வரிகளை வாசித்தாள். அதே நாளில் இன்னும் பதினெட்டுத் தமிழ்ச் சாரதிகள், அடையாள அட்டை இலக்கங்களோடு. மற்றப் பெயர்களை வெட்டிய தாளைப் பொலிஸ் ஏற்காது. முழுநாள் பதிவு, முத்திரையோடு வேண்டும்.

4
நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில் அவள் முழுத் தாளையும் கொடுத்துவிட்டாள். இன்னொன்றில் ஒரே பெயரோடு புதுத் தாள் தட்டெழுதினாள். அது பொய், பிடிபட்டால் ஸ்ரனிஸ்லாஸும் போச்சு. இரண்டையும் கிழித்தேன்.

இப்போது அச்சடித்த தாளின் ஒரு முனை அருந்ததியிடம், மறுமுனை கொன்ஸ்ரன்ஸிடம்.

"மத்த ஆக்கள்ட பேரும் இருக்கே, மிஸ்."

"ஓம் அக்கா."

இருவரும் விடவில்லை.

என்னால் முடிக்க முடியும். முடிக்கக்கூடாது. அந்தப் பதினெட்டுப் பெயர்களையும் கற்பனையில்தான் நிரப்பினேன். ஏழாவதாக, யோசிக்காமலே, என் தம்பியின் பெயரை எழுதியிருக்கிறேன். இனி என் தீர்ப்பை நம்பாதீர்கள். தாள் உங்கள் முன் இருக்கிறது. யார் கையை எடுக்கவேண்டும், நீங்கள் சொல்லுங்கள்.