நாற்பத்தொன்றாவது கையெழுத்து

எங்கள் மலை ஊற்றின் விலை தலைக்கு மூவாயிரம் யூரோ. போக வரப் பேருந்தும் மதியச் சாப்பாடும் தனி. எங்கள் ஊர் விலாரின் பொதுமலைக்குப் பங்காளிகள் எண்பத்தொரு பேர். அதில் நாற்பது பேர் பிரான்சில் சுவருக்குச் சாயம் பூசிவிட்டு, ஆகஸ்டில் மட்டும் போர்ச்சுகல் திரும்புகிறவர்கள். சுரங்கக் கம்பெனி அந்த விலையை அவர்களுக்குத்தான் சொன்னது. ஊரிலேயே கிடக்கும் எங்களிடம் யாரும் பேரத்துக்கு வரவில்லை. மாட்டுச் சந்தையில் வளர்ந்தவன் நான். விலை கேட்காதவனைக் கண்டுதான் பயந்திருக்க வேண்டும்.

மலைக்கடியில் லித்தியம் இருக்கிறதாம். தோண்டினால் ஐரோப்பாவின் கார்கள் புகையில்லாமல் ஓடுமாம். பசுமை பேசும் வேட்பாளர் ஒருவர் மின்காரில் வந்து, எங்கள் தியாகம் பூமியைக் காக்கும் என்றார். திரும்பும்போது ஏற்றத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. இழுத்துவிட்டவை அதோசிந்தா அக்காவின் பசுக்கள். அந்த ஊற்றை நம்பி அவளுக்குப் பதினொரு பசுக்கள். வேறு பிழைப்பு கிடையாது.

ஊர்க்கூட்டத்துக்கு அழைப்பு எப்போதும் பத்து மணிக்கு. பங்காளிகளில் பாதிப் பேருக்கு மேல் வந்து கையெழுத்திட்டால்தான் தொடங்கலாம். இல்லையென்றால் பதினொரு மணிக்கு, வந்தவர்களை வைத்து நடத்தலாம். பத்து மணிக்கு எவனும் போனதில்லை. பத்து மணி என்றால் என் கடையில் ஒயின் குடிக்கும் நேரம்.

மலையைச் சுரங்கத்துக்குக் கொடுப்பதா என்று கூட்டம் முடிவெடுக்க வேண்டிய அந்த ஞாயிறும் அப்படித்தான். அக்காவும் இன்னும் முப்பத்தொன்பது பேரும் கடையில் இருந்தார்கள். சுரங்கம் வேண்டாம் என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தோம். பேருந்து வந்து நின்றது. இறங்கிய தலைகளை எண்ணினேன்: நாற்பது.

"அவங்க நாப்பது, என்னையும் சேத்து நாம நாப்பத்தொண்ணு. பதினோரு மணிக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

இறங்கியவர்களில் அக்காவின் தம்பியும் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்று எழுந்தாள்.

"ஒரு மணி நேரம் பொறுக்கா. ஊத்துன ஒயின் அப்படியே இருக்கு."

"நீ ஊத்துற ஒயின்ல கலக்குறியே தண்ணி, அது எந்த ஊத்துத் தண்ணின்னு நெனச்சுப் பாரு" என்றாள். கடையே சிரித்தது. அவள் போய்விட்டாள்.

கூட்ட மண்டப வாசலில் கம்பெனி வக்கீல் பேனாவை நீட்டினாராம். கையெழுத்திடாமல் உள்ளே போக முடியாதாம். நாற்பது வயதுக்குமேல் எழுதக் கற்றவள் அவள். முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறாள். பாதியைத் தாண்ட வக்கீலுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். கதவைச் சாத்தி, கை தூக்கச் சொல்லி, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு நாங்கள் போனபோது முற்றத்தில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. அக்கா மதிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் போவாம இருந்திருந்தா?"

"அப்பவும் தோத்திருப்போம்க்கா" என்றேன். சந்தையில் எத்தனையோ பொய் விற்றவன். இது ஒன்றுதான் விலைபோகவில்லை.

"தெனம் பதினோரு மாட்ட எண்ணித் தொழுவத்துல அடைக்கிறவடா நான். எனக்குக் கணக்குத் தெரியாதா?"

வழக்குப் போட்டோம். நடைமுறையில் குறையில்லை என்று இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

தீர்மானம் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆதரவு நாற்பது, எதிர்ப்பு ஒன்று. அன்று காலை என் கடையில் ஒயின் நாற்பது கோப்பை. குடித்தது முப்பத்தொன்பது, அக்கா மேசையிலேயே விட்டுப் போனது ஒன்று.