முந்நூற்று நாற்பத்தொரு படங்கள்

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஆறு வருடப் பழைய கேமரா ஒன்று கைமாறுவதாக இருந்தது.

விற்பவரைக் கைபேசிப் புகைப்படக் குழு ஒன்றில் லென்ஸ் சார் என்பார்கள். முப்பது வருடம் கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய அரசு ஆய்வாளர். ஓய்வு பெற்ற மாதமே கேமரா வாங்கினார். குழுவில் புகைப்படம் பழகுகிறவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். குழந்தைகளை எடுக்க எந்த லென்ஸ், மழையில் நனைந்த கேமராவை என்ன செய்வது, முக்காலி இப்போதே வேண்டுமா என்று யார் எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்துக்குள் அவருடைய பதில் வந்து நிற்கும். இருக்கிற கேமராவே போதும் என்றுதான் எல்லோருக்கும் எழுதுவார். போன வாரம் அவரே புது மாடல் வாங்கிவிட்டார். அதனால்தான் பழையதை விற்கிறார்.

வாங்க வந்தவள் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ், குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

"நீங்க எழுதினதெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன் சார். எங்க வார்டுல இத 'லென்ஸ் சார் பாடம்'னு கிண்டல் பண்றாங்க."

அவருடைய மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "பார்த்து வாங்கும்மா. ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா இவரு வீட்ல தங்கினதே இல்ல. காலைல எட்டு மணிக்குச் சோத்து டப்பாவத் தூக்கிட்டுப் போனா, விளக்கு வைக்கற நேரத்துக்குத்தான் திரும்புவாரு. ஊரையே சுருட்டி அதுக்குள்ள வச்சிருப்பாரு. தேஞ்சு போயிருக்கும்."

"ஐயோ, அப்ப ஷட்டர் எண்ணிக்கை எக்கச்சக்கமா இருக்குமே?" என்றாள் நர்ஸ். மனைவியின் முகத்தைப் பார்த்து அவளே விளக்கினாள். "வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரிம்மா. பொறந்ததுலேருந்து எத்தனை படம் எடுத்திருக்குன்னு கேமராவே எண்ணி வச்சிருக்கும். பழசு வாங்கினா முதல்ல இதத்தான் பார்க்கணும்னு சார் எழுதியிருக்காரு."

எழுதியிருந்தார். ஒருமுறை அல்ல, முப்பது முறையாவது எழுதியிருப்பார். ஒரு படம் எடுங்கள், அதைக் கைபேசிக்கு மாற்றுங்கள், இன்ன இணையதளத்தில் ஏற்றுங்கள், எண் வரும். அதை ஒருத்தி அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து செய்வாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. "அதெல்லாம் எதுக்கும்மா, என்கிட்டயா வாங்கற…" என்று ஆரம்பித்தார். அவருக்கே அந்தக் குரல் பழக்கமானதாக இருந்தது. தராசை எடுத்து வை என்றதும் கடைக்காரர்கள் அவரிடம் பேசிய குரல்.

நர்ஸ் அதற்குள் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டாள். "சார், இங்க பாருங்க." டிக்கென்றது.

கேமரா வாங்கிய புதிதில் நிஜமாகவே அலைந்தார். ஆற்றுப் பாலம், சந்தை, பூட்டிய பட்டறைகள் என்று இரண்டு மாதத்தில் முந்நூற்றுக்கு மேல் எடுத்தார். ஒரு ஞாயிறு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் தலை நிமிராமல், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றாள். நாற்பதாவது படத்தோடு நிறுத்திக்கொண்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் டப்பா தயாராக இருந்ததால் கிளம்பிப் போனார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் பேருந்து நிலையத்தில் மூன்றாவது வரிசை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதினார். அங்கே அவரை நானூறு பேர் சார் என்றார்கள்.

"சார்!" நர்ஸ் கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். "முந்நூத்தி நாப்பத்தொண்ணு! இப்ப நான் எடுத்ததையும் சேர்த்து! பிரிக்காத டப்பா மாதிரி வச்சிருக்கீங்களே!"

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

நர்ஸ் கேமராவைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மனைவி டம்ளர்களை எடுத்தாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்க போவீங்க?"

"பஸ் ஸ்டாண்டு."

"யாரப் பார்க்க?"

"யாரும் இல்ல. உக்காந்திருப்பேன்."

டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டே அவள் திரும்பினாள். "வேற எவளாவது இருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருப்பேன். இதுக்கு நான் என்னன்னு கேக்கறது?"

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டே டம்ளர்.

மாலையில் நர்ஸ் அந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். 'என் முதல் படம். குறை சொல்லுங்க சார்.' அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மனைவி, "காட்டுங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவளாக ஒரு படத்தைக் கேட்டது அதுதான் முதல்முறை. கைபேசியை அவளிடம் கொடுத்தார். படத்தில் முன்னால் நாற்காலியில் அவர் கலங்கலாக இருந்தார். பின்னால், வாசல் நிலையில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த அவள் மட்டும், நெற்றியில் ஒட்டிய முடி தெரியுமளவுக்குத் துல்லியமாக விழுந்திருந்தாள்.

"உங்க முகமே தெரியலையே."

"ஃபோகஸ் பின்னால போயிடுச்சு. புதுசா எடுக்கறவங்க எல்லாரும் பண்ற தப்புதான்."

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு டப்பா கட்டணுமா?"

அவர் ஆணியில் தொங்கிய புதுக் கேமராவின் பையைப் பார்த்தார்.

"கட்டு," என்றார்.

ஞாயிறு எட்டு மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புதுக் கேமராவின் பை ஆணியிலேயே தொங்கியது. தெருவில் நடக்கும்போது பை இல்லாத தோளை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது வரிசை பெஞ்சில் ஒரு குடும்பம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்ததால் நான்காவது வரிசைக்குப் போனார். மதியத்துக்குள் ஏழு பேருக்குப் பதில் எழுதினார். குறை சொல்லச் சொன்ன நர்ஸுக்கு மட்டும் எழுதவில்லை.