பாதி மாத்திரை

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி இருப்பவர்களை ரேணுகாம்பாள் நம்பவே மாட்டாள். தம்பி பெண்டாட்டி காந்தா அந்த ரகம். வாலாஜாபாத்திலிருந்து வாழ வந்து இத்தனை வருஷத்தில் இரைந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியும் ஒருத்தி இருப்பாளா? உள்ளே என்னவோ இருக்கிறது என்பதுதான் ரேணுகாம்பாளின் கட்சி.

வேறு சமயமாக இருந்தால் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். இப்போது விஷயம் தம்பியின் உயிர். பட்டு நெய்துகொண்டிருந்த பரசுராமனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, முகம் ஊதிப்போய், பிழைக்க மாட்டான் என்று பிள்ளையார்பாளையமே கைவிட்ட நேரத்தில், வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துத் தன் சிறுநீரகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தவள் ரேணுகாம்பாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. தம்பி வீட்டோடு இருந்தாள், தம்பிதான் எல்லாம்.

அறுவை முடிந்ததும் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அக்கா கொடுத்ததே ஆனாலும் தம்பியின் உடம்புக்கு அது அந்நியச் சரக்கு. விட்டால் அடித்துத் துரத்திவிடும். துரத்தாமல் உடம்பை அடக்கி வைக்கத்தான் மஞ்சள் மாத்திரை. குறைந்தால் சிறுநீரகம் போச்சு. கூடினால் ரத்தத்தில் வெள்ளை அணு செத்து, சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று நேரே அளக்க அந்த எழுபதுகளில் ஏது வழி? வெள்ளை அணுவை எண்ணி, அதை வைத்துத்தான் பிடிப்பார்கள். அதற்காகவே மாசாமாசம் வேலூர் பஸ்.

போன தடவை டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது.

"வெள்ளை அணு ஏறியிருக்கே. சிறுநீரகமும் சுணங்குது. மாத்திரை ஒழுங்கா போகுதா?"

"காந்தா குடுக்கறத ஒருவேளை விடாம துன்றேன்மா" என்று பரசுராமன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்று அவன் முரண்டு பிடித்ததால், காந்தாதான் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பாள்.

போதாதா? திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ரேணுகாம்பாள் தம்பியின் காதைக் கடித்தாள்.

"எல்லாம் அவ கையில கீது. பார்த்துக்கோ."

"அவளாலதான் மருந்து குறையுதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே வாலாஜாபாத்துக்கு அனுப்பிடுவேன்க்கா. அப்பறம் வாசப்படி மிதிக்கவுட மாட்டேன்" என்றான் அவன். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு பிடிவாதக்காரன்.

மறுநாளிலிருந்து ரேணுகாம்பாள் கண்கொத்திப் பாம்பாய்க் காத்தாள். அவளுக்கே உடம்பு சரியில்லைதான். வாயெல்லாம் புண், தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாய் வந்தது. உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். தன் வலியைப் பார்க்க இதுவா நேரம்!

ஒருநாள் காலையில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். காந்தா அரிவாள்மணையில் மாத்திரையை வைத்து நறுக்கினாள். ஒரு பாதி பொடியாகி வாழைப்பழத்துக்குள் போயிற்று. மறுபாதி? அதையும் பொடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சொம்பில் போட்டுக் கலக்கினாள். அது ரேணுகாம்பாள் தினமும் கூழ் குடிக்கிற சொம்பு.

வாய்ப்புண்ணும் முடி கொட்டுவதும் ரேணுகாம்பாளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டன. அடிப்பாவி! உள்ளே பாய்ந்து காந்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கு விஷமாடி வெக்கிற?"

"ஐயோ, இல்ல அண்ணி! விஷமில்ல, மருந்து."

"யாருக்குடி மருந்து? நானா நோயாளி?"

"அவருக்கும் சிறுநீரகம் ஒண்ணுதான், உங்களுக்கும் ஒண்ணுதானே இருக்குது? ஒரே பாவு நூல ரெண்டு தறிக்குப் பிரிச்சா, ரெண்டு பாதிக்கும்தானே கஞ்சி போடுவோம்? ஒண்ணுக்குப் போட்டு ஒண்ண வுட்டா நூலு அறுந்துபூடாதா? அவர பார்க்க டாக்டரம்மா கீறாங்க, மருந்து கீது. உங்கள யாரு பார்த்தாங்க? கேட்டா தம்பிக்குக் குறையும்னு சாப்பிட மாட்டீங்க. அதான் சொல்லாம கலந்தேன்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

ரேணுகாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற தாய்கூட இப்படி ஒரு கவளம் ஒளித்து ஊட்டியதில்லை. இந்தப் பெண்ணையா இத்தனை நாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. அங்கே தம்பியின் சிறுநீரகம் துரத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே மூவரும் வேலூருக்குப் போனார்கள். "எனக்கும் வாயெல்லாம் புண்ணும்மா" என்று ரேணுகாம்பாள் சொல்லவும், டாக்டரம்மா அக்கா தம்பி இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"தம்பிக்கு அணு இன்னும் ஏறியிருக்கு. உங்களுக்கு அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கு. அவர் ரத்தத்துல இருக்கவேண்டிய மருந்து உங்க ரத்தத்துல இருக்கும்மா. எப்படி?"

பரசுராமன் மெல்லத் திரும்பிக் காந்தாவைப் பார்த்தான். அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான்" என்றாள் ரேணுகாம்பாள். "ஒண்ணே ஒண்ண வெச்சிக்கினு எனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம். அவளுக்குத் தெரியாம பாதி பாதியா எடுத்துத் துன்னுட்டேன்."

டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்ககிட்ட இருக்கிறது உங்க சொந்தச் சிறுநீரகம். அதுக்கு எதுக்கும்மா இந்த மருந்து? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க." பிறகு குரல் தணிந்தது. நல்லவேளையாகச் சீக்கிரம் வந்தீர்கள், தம்பியைப் படுக்க வைத்து ஊசி போட்டால் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம், உங்களுக்கு மாத்திரையை நிறுத்தினால் தானே சரியாகிவிடும் என்றார்.

வெளியே வந்ததும் பரசுராமன் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"குடுத்துட்டு, திரும்ப எடுத்துக்கப் பார்த்தியாக்கா?"

காந்தா விம்மிக்கொண்டு ஏதோ சொல்ல முன்னே வந்தாள். ரேணுகாம்பாள் அவள் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமாண்டா" என்றாள்.