தேசப்பன் வண்டிக்கு ஒரு சிப்பு

கவரைப்பேட்டை ரயில்வே மேம்பாலத்தில் ஒரு ஷேர் ஆட்டோ தன் ஸ்போர்ட்ஸ் காரை முந்திக்கொண்டு போன அன்றைக்குத்தான், இனிப் பொறுப்பதில்லை என்று தேசப்பன் முடிவெடுத்தார். முந்தியது ஆட்டோ என்பதைக்கூட அவர் விழுங்கிக்கொண்டிருப்பார். அதற்குள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் கருவாட்டுக் கூடை வேறு. ஓட்டியவன் சொந்த ஊர்க்காரன் ராஜவேலு. அவனாவது சும்மா போயிருக்கலாம். பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, எறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் நாலு பேர் தேசப்பனுக்கு உறவு. மானம் கப்பலேறிவிட்டது.

தேசப்பன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் போடுகிறவர், வயது ஐம்பத்தேழு. பத்து வயதில் சோழவரத்துக்கு கார் ரேஸ் பார்க்கப் போய், பெரியவர்களின் கால்களுக்கு நடுவே தலையை விட்டு, சிவப்பாக ஒன்று 'விர்'ரென்று போனதைப் பார்த்தவர். அன்றைக்குப் பிடித்த ஆசை. அதற்கப்புறம் வயலுக்கு போர்வெல் போட்டார், பிள்ளையைப் படிக்கவைத்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். தனக்கென்று ஒரு நல்ல செருப்புகூட வாங்கவில்லை. போன வருஷம் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் இருந்த ஜப்பான்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது, தன்னுடைய இருபது வருஷப் பழைய ரெண்டு சீட்டு வண்டியை விற்றுவிட்டுப் போனார். சிவப்பு வண்டி. தேசப்பன் யாரையும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஊர் சிரித்தது. அவர் மனைவி எல்லம்மா சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, "இதுல நெல்லு எத்தினி மூட்ட ஏத்தலாம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். உள்ளே போய்விட்டாள். எட்டு மாசமாக அந்த வண்டியில் அவள் ஏறவில்லை. பக்கத்து சீட் சும்மா கிடப்பானேன் என்று தேசப்பன் அதில் ஒரு யூரியா மூட்டையை வைத்தார். பெல்ட் போடாவிட்டால் வண்டி 'கீ கீ' என்று கத்தும், அதனால் மூட்டைக்கும் பெல்ட் போட்டார்.

வாங்கின புதிதில் வண்டி பறந்தது. பிறகு மாசத்துக்கு மாசம் சோர்ந்துகொண்டே வந்து, இப்போது மேம்பாலம் ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. கைப்பேசியில் ஒருத்தன் தோன்றி, இந்தச் சிப்பை இஞ்சின் கம்ப்யூட்டரில் சொருகினால் பழைய வண்டியும் புலியாகும் என்றான். தேசப்பன் வரவழைத்துவிட்டார். அதே வாரம் சென்னையிலிருந்து ஒரு ஆள் வண்டியை விலைக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

"இந்தச் சிப்பு போட்டும் ஓடலன்னா ஞாயித்துக்கெழம குடுத்துடறேன் எல்லம்மா. போதும், பேஜாரா பூட்ச்சி" என்றார். எல்லம்மா அடுப்படிக்குப் போனாள். விட்டது தொல்லை என்று நினைக்கிறாள் போல என்று அவர் எண்ணிக்கொண்டார். அது கொஞ்சம் வலித்தது.

சனிக்கிழமை காலையில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் கல்பனாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். கல்பனா கார் கம்பெனியில் பத்து வருஷம் இஞ்சின் பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவள். கைராசிக்காரி, ஆனால் வாயைக் கொடுத்தால் மீள முடியாது.

சிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"போடலியா கண்ணு?"

"இது இன்னா பண்ணும்னு தெரியுமா நைனா? வண்டி கம்ப்யூட்டர்கிட்ட கணக்க மாத்திச் சொல்லும். பெட்ரோல இவ்ளோ குடு, தீப்பொறிய கொஞ்சம் முன்னாடியே வையின்னு. நல்லா இருக்கற வண்டிக்கே, இந்த மாதிரி, காத்த அமுக்கி ஏத்தற டர்போ இல்லாத இஞ்சின்ல அது குடுக்கறது துளியூண்டு. ஒங்க வண்டி ஏற்கெனவே மூச்சு முட்டிக்கினு இருக்குது. அதுக்கு இன்னா நோவுன்னு மொதல்ல பாக்க வாணாமா?"

பானெட்டைத் திறந்தாள். ஸ்கேனரைச் சொருகினாள். "காத்துக் கணக்கு தப்பா வருது" என்றாள். பிறகு இஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கிற சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரல் அளவுச் சாமான், நடுவில் மயிரிழைபோல் ஒரு கம்பி. அந்தக் கம்பிமேல் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. கல்பனா அதை மோந்து பார்த்தாள். இன்னொரு தரம் மோந்து பார்த்தாள்.

"நைனா, ஒங்க ஊட்ல யாரு சாம்பிராணி போடறது?"

"எல்லம்மாதான். வெள்ளிக்கெழமன்னா ஊடு பூரா போடுவா. ஏன்?"

"வண்டிக்கும் போடறாங்க."

"அவளா? அவ இத ஏறெடுத்தும் பாக்க மாட்டா கண்ணு."

கல்பனா டார்ச்சை அடித்துக் காட்டினாள். ஏர் ஃபில்டரை ஒட்டி, குனிந்தால்தான் தெரிகிற ஒரு மூலையில் குங்குமப் பொட்டு. ஒன்று இல்லை. பொட்டின்மேல் பொட்டு, அதன்மேல் பொட்டு, காய்ந்து தடித்துப்போயிருந்தது. அதன் கீழே துளி சாம்பல்.

தேசப்பனுக்கு விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, பழைய வண்டி காத்து வாங்கட்டும் என்று பானெட்டைத் திறந்துவிட்டு, டீக்கடைக்குப் போவது அவர் வழக்கம். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவள் தூபக்காலோடு வந்திருக்கிறாள். ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் அவ்வளவு புகையையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. எட்டு மாசத்து வெள்ளிக்கிழமைகள்.

"இந்தக் கோலத்துல சிப்பையும் சொருகியிருந்தா பிஸ்டன்ல ஓட்டதான்" என்றாள் கல்பனா. "நாள பின்ன இஞ்சினையே தூக்கிப் போட்டுருப்பீங்க."

தேசப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இஞ்சின் பிழைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, தன் மனைவியைப் பற்றி எட்டு மாசமாகத் தப்புத் தப்பாக நினைத்ததற்கு வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

கல்பனா ஏதோ ஸ்ப்ரே அடித்து அந்தக் கம்பியைக் கழுவிக் காயவைத்து மாட்டினாள். ஃபில்டரையும் மாற்றினாள். பக்கத்து சீட்டைப் பார்த்தவள், "அது யாரு நைனா, பெல்ட்டு போட்டுக்கினு?" என்றாள்.

"யூரியா கண்ணு."

"மொதல்ல அத எறக்குங்க. சிப்பு குடுக்கறதவிட அந்த மூட்ட எறங்குனா வண்டிக்கு ஜாஸ்தி கெடைக்கும்."

நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் கல்பனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். மிதித்ததும் சீட் அவர் முதுகைப் பிடித்துத் தள்ளியது. சோழவரத்தில் கேட்ட அதே சத்தம். திரும்பி வந்து நிறுத்தியபோது அவர் கண் கலங்கியிருந்தது. கல்பனாவின் கைகளை, கிரீஸ் கறையோடு, அப்படியே பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார். கல்பனா கைகளை விடுவித்துத் துணியில் துடைத்துக்கொண்டாள். சிப்பைப் பெட்டியில் போட்டு, அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது எல்லம்மா மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தேசப்பன் ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் நாலு மிளகாயைப் பரப்பினார்.

"வண்டிக்குச் சாம்பிராணி போட்டியா?"

அவள் கை நின்றது. "போட்டேன். இன்னா இப்ப?"

"இன்னான்னு வேண்டிக்கின?"

அவள் ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். பிறகு மிளகாயைப் பார்த்தபடியே சொன்னாள். "மொத நாளு நீ அத எடுத்துக்கினு போனதப் பாத்தேன். புழுதி அடங்கறதுக்குள்ள கண்ணுக்கு மறைஞ்சிட்ட. பயமாப் பூட்ச்சி. வாணாம்னு சொல்லவும் மனசு வரல. கண்ணாலம் கட்டுன நாளா ஒனக்குன்னு நீ ஒண்ணு கேட்டதில்ல. அதான் ஆத்தாகிட்ட சொன்னேன். வண்டி இருக்கட்டும் தாயே, ஆனா மெதுவா போவட்டும்னு."

தேசப்பன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய்க் கையால் துடைத்துக்கொண்டு இன்னும் அழுதார்.

"கேட்டுட்டாடி. ஷேர் ஆட்டோ முந்திக்கினு போற அளவுக்குக் கேட்டுட்டா."

சென்சார் கதையை அவர் சொல்லவில்லை. சென்னை ஆளுக்குப் போன் போட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை, மன்னிச்சுக்குங்க என்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "சாம்பிராணிய நிறுத்தாத. வெள்ளிக்கெழமயில இஞ்சின மட்டும் நான் நிறுத்தி வெக்கறேன். இப்ப வா, ஏறு. மெதுவா போன்னு ஆத்தாகிட்ட ஏன் சொல்ற? பக்கத்துல குந்திக்கினு என்கிட்டயே சொல்லு."

மூட்டை இருந்த இடத்தில் எல்லம்மா உட்கார்ந்தாள். அவளுக்கும் அவரே பெல்ட் மாட்டிவிட்டார். மாட்டுவண்டிக்குச் சமமாக ஊர்ந்து ஏரிக்கரை தாண்டினார்கள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. ராஜவேலுவின் ஆட்டோ ஒட்டினாற்போல வந்தது.

"இன்னா நைனா, அத்தையையும் சேத்துத் தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு அவன் முந்திப் போனான்.

தேசப்பன் மனைவிக்காக வேகத்தைக் கூட்டாமலே ஓட்டினார். எல்லம்மா முன்னால் போகிற ஆட்டோவைப் பார்த்தாள், காலியாகக் கிடந்த நேர் ரோட்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாட்டிதான்யா" என்றாள். "அவன வுடாத."